அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சர்ச்சைக்குரிய அரசியல் பேச்சாளரை அழைக்கிறீர்களா? மாணவர் அமைப்பின் புதிய பொருளாளருக்கு ஒரு வழிகாட்டி

முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்த முதல் ஆண்டிலேயே எங்கள் பல்கலைக்கழக விவாத மன்றத்துக்குப் பொருளாளரானேன். போட்டியிட்டுப் பெற்ற பதவி அன்று. கணக்குப் பார்க்க வேறு யாரும் முன்வராதபோது, இந்திய மாணவர் என்றால் கணக்கில் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் என் தலையில் கட்டப்பட்டது. அந்த ஆண்டு எங்கள் மன்றம், குடியேற்றத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசி வளாகத்தில் பாதிப்பேரின் வெறுப்பைச் சம்பாதித்திருந்த ஒருவரை அழைக்க முடிவு செய்தது. அவருக்கான மதிப்பூதியம் 4,000 டாலர். அத்துடன் பயணமும் தங்குமிடமும் சேர்ந்தால் செலவு முடிந்தது என்று நாங்கள் எண்ணியிருந்தபோது, கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் பாதுகாப்புக்கென 6,800 டாலருக்கு ஒரு மதிப்பீடு வந்து சேர்ந்தது. அதன் பிறகு நடந்த ஓட்டத்தில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். அழைக்கப்படுபவர் வலதுசாரியா இடதுசாரியா, அவர் பேசத் தகுந்தவர்தானா என்பவை உங்கள் அமைப்பு முடிவு செய்ய வேண்டியவை. தாள்கள், செலவு, நாள்கணக்கு ஆகியவை மட்டுமே என் பொறுப்பு.

1. பல்கலைக்கழகம் மாநிலத்துடையதா, தனியாருடையதா என்று உறுதி செய்யுங்கள்

பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் என்ற பெயர் அரசு நிறுவனம் போல ஒலித்தாலும் அது தனியாருடையது. மாநிலப் பல்கலைக்கழகம் அரசின் ஓர் அங்கம் என்பதால், பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தும். தனியார் கல்லூரியை அது கட்டுப்படுத்தாது, அங்கே மாணவர் கையேட்டில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குச் சட்டம். கலிஃபோர்னியாவில் மட்டும், 1992இல் வந்த லெனார்ட் சட்டம், சமய நிறுவனங்கள் நீங்கலான தனியார் கல்லூரிகளும் மாணவர்களை அவர்களுடைய பேச்சுக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட கருத்துச் சுதந்திர அறிக்கையைப் பல தனியார் கல்லூரிகள் தங்கள் கொள்கையாக ஏற்றிருக்கின்றன. உங்கள் கல்லூரியும் ஏற்றிருந்தால் அந்தத் தீர்மானத்தை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்புகள் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கே நேரடியாகப் பொருந்தும்.

2. அமைப்பின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்

ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் பலர் இங்கேயே சறுக்குகிறார்கள். பொறுப்பாளர் பட்டியல், ஆசிரிய ஆலோசகரின் கையொப்பம், பொருளாளருக்கான நிதிப் பயிற்சி ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அரங்கு ஒதுக்கீடும் நிதி விண்ணப்பமும் கணினியிலேயே நின்றுவிடும்.

3. பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்விக் கட்டணத்தோடு சேர்த்து நாம் ஒவ்வொருவரும் செலுத்தும் மாணவர் செயல்பாட்டுக் கட்டணம்தான் முதல் வழி. அதை மாணவர் மன்றத்தின் நிதிக்குழு அமைப்புகளுக்குப் பங்கிடுகிறது. தமக்கு உடன்பாடில்லாத அமைப்புகளுக்குத் தம் பணம் போகக் கூடாது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பேசப்பட்ட கட்டணம் ஆண்டுக்கு 331.50 டாலர். கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கலாம், ஆனால் கருத்துச் சார்பு பார்க்காமல் பங்கிட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அதற்கு ஐந்து ஆண்டு முன்னதாக, 1995இல், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஒரு கிறிஸ்தவ மாணவர் இதழுக்கு அச்சுச் செலவைத் தர மறுத்ததும் தவறென்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், நிதிக்குழுவின் முன் நிற்கும்போது உங்கள் பேச்சாளரின் பெருமையைப் பாடாதீர்கள்; அவருடைய கருத்துகளுக்காக வாதாடவும் செய்யாதீர்கள். நாங்கள் அந்தத் தவற்றைச் செய்து நாற்பது நிமிடங்களை வீணாக்கினோம். கூட்டம் எல்லா மாணவர்களுக்கும் திறந்ததா, எத்தனை பேர் வருவார்கள், ஒரு தலைக்கு எவ்வளவு செலவு, இதே குழு சென்ற ஆண்டு வேறு பேச்சாளர்களுக்கு எவ்வளவு ஒதுக்கியது ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "அவர் கருத்து எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று குழு உறுப்பினர் யாரேனும் சொன்னால் மறுமொழி கூறாமல், அது கூட்டக் குறிப்பில் பதிவாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் உங்களுக்கு உதவப்போவது அந்த ஒரு வரிதான்.

இரண்டாவது வழி வெளி அமைப்புகள். யங் அமெரிக்காஸ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத இளைஞர் அமைப்பு போன்றவை பேச்சாளரின் செலவில் ஒரு பங்கையோ முழுவதையுமோ ஏற்பதுண்டு. அந்தப் பணம் பேச்சாளருக்கு நேராகப் போகிறதா, உங்கள் அமைப்பின் கணக்கு வழியாகப் போகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கணக்கு வழியாக வந்தால் நன்கொடை விதிகள் வேறு குறுக்கிடும். மூன்றாவது வழி துறைகளின் இணை அனுசரணை. அரசியல் அறிவியல் துறை 200 டாலர் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தொகையைக் காட்டிலும், சுவரொட்டியில் துறையின் பெயர் இருப்பது நிர்வாகத்தின் பதற்றத்தைக் குறைக்கும்.

தேர்தல் காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2019 அக்டோபரில் ஃப்ளோரிடா பல்கலைக்கழக மாணவர் அரசு, டொனால்ட் டிரம்ப் ஜூனியரையும் கிம்பர்லி கில்ஃபாய்லையும் மாணவர் கட்டணத்திலிருந்து 50,000 டாலர் கொடுத்து அழைத்தது. அதிபர் டிரம்பின் தேர்தல் பிரசாரக் குழுவோடு தொடர்புடைய ஒருவருடன் மாணவர் தலைவர் மின்னஞ்சலில் பேசியிருந்தது வெளிவந்ததும், அவரைப் பதவி நீக்கக் கோரும் தீர்மானம் வரை விவகாரம் போனது. ஆகவே, பேச்சாளர் தானே வேட்பாளராகவோ வேட்பாளரின் குடும்பத்தினராகவோ இருந்தால், ஏற்பாடு தொடர்பான எல்லாக் கடிதங்களும் பேச்சாளர் முகமை வழியாகவே போகட்டும்; பிரசாரக் குழுவினரோடு தொலைபேசியில் கூடப் பேசாதீர்கள்.

4. விலை கேளுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்

புகழ்பெற்ற பேச்சாளர்களுக்கு முகவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்லும் முதல் தொகை பேரத்துக்கு உரியது என்பதை நம் ஊர்ச் சந்தையில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொகைகளுக்கு உச்சவரம்பும் கிடையாது: 2014இல் ரட்கர்ஸ் பட்டமளிப்பு விழாவுக்கு முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸுக்கு 35,000 டாலர் தருவதாக இருந்து, எதிர்ப்புக் காரணமாக அவரே விலகிக்கொண்டார், அதே ஆண்டில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை விழாவில் பேச ஹிலாரி கிளின்டனுக்கு 225,000 டாலர் தரப்பட்டது. இதற்கு நேர்மாறாக, பதவியில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கீழவையினராயினும் செனட்டர்களாயினும், பேச்சுக்கு மதிப்பூதியம் வாங்கவே கூடாது. பயணச் செலவை மட்டும் நெறிமுறை விதிகளுக்கு உட்பட்டு ஏற்கலாம். கையில் பணம் குறைவென்றால் இவர்களிடம் முதலில் கேளுங்கள்.

முகவருக்கு எழுதும் எல்லா மின்னஞ்சல்களின் அடியிலும் ஒரே வாசகத்தைச் சேருங்கள்: "இது விசாரணை மட்டுமே, பல்கலைக்கழகக் கொள்முதல் அலுவலகம் கையொப்பமிடும் வரை இது ஒப்பந்தம் ஆகாது." எங்கள் செயலாளர் உற்சாகத்தில் "உறுதி செய்கிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முகவர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். மாணவருக்குக் கையொப்ப அதிகாரம் இல்லை என்று பல்கலைக்கழகம் கைவிரிக்க, நாங்கள் நடுவில் நின்றோம்.

5. ஒப்பந்தத்தை நீங்கள் படியுங்கள், கையொப்பத்தை அவர்கள் இடட்டும்

கொள்முதல் அலுவலகத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். ஒப்பந்தத்தோடு ரைடர் என்ற இணைப்பு வரும். விமான வகுப்பு, ஓட்டல், ஓய்வறை, தண்ணீர்ப் புட்டியின் வகை வரை அதில் இருக்கும். அங்கே ஒளிந்திருக்கும் செலவைத் தொகையாக மாற்றி வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுங்கள். நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை நான்கு. ரத்தானால் யாருக்கு நட்டம் என்ற பிரிவில், பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல்கலைக்கழகமே ரத்து செய்தால் என்ன ஆகும் என்று தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டம் நடக்காமலே முழுத் தொகையும் போகும். கேள்வி நேரம் உண்டா, கேள்விகளை முன்கூட்டியே தணிக்கை செய்வார்களா என்பது அடுத்தது. ஒளிப்பதிவு உரிமை யாருடையது என்பது மூன்றாவது. அவர் அழைத்து வரும் மெய்க்காவலர்களின் செலவு யார் கணக்கில் என்பது நான்காவது, பலரும் கவனிக்காமல் விடுவது. வெளி அமைப்பு அரங்கை வாடகைக்கு எடுப்பதானால் காப்பீட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். ஒரு நிகழ்வுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற அளவில் கேட்பது வழக்கம்.

6. பாதுகாப்புச் செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே சற்று நின்று சொல்கிறேன். பேச்சாளரின் ஊதியம் ஒப்பந்தத்தில் இருக்கும், மாறாது. பாதுகாப்புச் செலவோ எதிர்ப்பு வளர வளர ஏறிக்கொண்டே போகும். 2017 செப்டம்பர் 14 அன்று பழமைவாத விமர்சகர் பென் ஷபீரோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேசியபோது பல்கலைக்கழகத்துக்குப் பாதுகாப்புக்கு மட்டும் ஏறத்தாழ 600,000 டாலர் ஆனது. அடுத்த மாதம் வெள்ளையினத் தேசியவாதி ரிச்சர்ட் ஸ்பென்சர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பேசியபோது அவருடைய அமைப்பு அரங்குக்கும் உள்ளே காவலுக்கும் செலுத்தியது 10,564 டாலர்தான். வெளியே ஆன பாதுகாப்புச் செலவு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் ஏன் ஸ்பென்சரின் தலையில் கட்டவில்லை என்று கேட்டால், கட்ட முடியாது என்பதுதான் விடை.

ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டி, ஊர்வலங்களுக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. பேச்சைக் கேட்பவர்கள் எப்படிச் சீறுவார்கள் என்பதை வைத்துப் பேசுபவரிடம் பணம் கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இதே வாதத்தை வைத்து, 2018 பிப்ரவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குடியரசுக் கட்சி மாணவர் அமைப்பு, தங்கள் கூட்டத்துக்கு விதிக்கப்பட்ட 17,000 டாலர் பாதுகாப்புக் கட்டணத்துக்கு நீதிமன்றத்தில் தடை பெற்றது. பின்னர் பல்கலைக்கழகம் 122,500 டாலர் வழக்குச் செலவையும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பெர்க்லியும் அதே ஆண்டின் இறுதியில் பேச்சாளர் விதிகளை எதிர்த்துப் பழமைவாத மாணவர் அமைப்புகள் தன் மேல் தொடுத்திருந்த வழக்கை 70,000 டாலருக்கு முடித்துக்கொண்டது.

ஆனால் "எங்களிடம் எதுவும் கேட்கக் கூடாது" என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். அரங்கின் கொள்ளளவு, வருவோர் எண்ணிக்கை, வாசலில் பணம் வாங்குவது, மது வழங்குவது, கூட்டம் முடியும் நேரம் போன்ற, பேச்சின் உள்ளடக்கத்தோடு தொடர்பில்லாத அளவுகோல்களால் கட்டணம் விதிக்கலாம். ஆகவே கூட்டத்துக்கு எட்டு வாரம் முன்பே வளாகக் காவல் துறைக்கும் நிகழ்ச்சி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, கட்டணத்துக்கான எழுத்து வடிவ விதிமுறை எங்கே இருக்கிறது, எத்தனை காவலர், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன கூலி, இதே அரங்கில் இதே எண்ணிக்கையில் நடந்த இசை நிகழ்ச்சிக்கோ நகைச்சுவை நிகழ்ச்சிக்கோ எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. அரங்கு அளவு ஒன்றாகவே இருந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நான்கு காவலர்களுக்கான கட்டணம்தான் வாங்கியிருந்தார்கள். எங்களுக்குப் பதினான்கு பேர் போட்டிருந்தார்கள், காரணம் கேட்டபோது "எதிர்பார்க்கப்படும் எதிர்ப்பு" என்று மின்னஞ்சலில் எழுதியும் விட்டார்கள். மாணவர் சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் அந்த மின்னஞ்சலோடு ஃபோர்சைத் தீர்ப்பையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் அனுப்பிய மூன்றாம் நாள், 6,800 டாலர் 1,900 ஆனது. அவருக்கு நாங்கள் கொடுத்த கட்டணம் ஒன்றுமில்லை. அந்த மையமும் மாணவர் கட்டணத்தில்தான் நடக்கிறது.

பாதுகாப்பு அலுவலர்களை எதிரிகளாக நினைக்கவும் கூடாது. 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் திறந்தவெளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த பழமைவாதச் செயற்பாட்டாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். எனவே திறந்த புல்வெளியில் கூட்டம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், உள்ளரங்கு, பெயர் பதிவுச் சீட்டு, பை கொண்டுவரத் தடை ஆகியவற்றை நீங்களே முன்மொழியுங்கள். தொகையைக் குறைக்கவும் இவை உதவும். 300 இருக்கை அரங்குக்கு 300 சீட்டு என்றால் காவலர் எண்ணிக்கையைப் பேசித் தீர்க்க ஓர் அடிப்படை கிடைக்கிறது.

7. வரித் தாள்களை ஒப்பந்தத்தோடு சேர்த்தே கேளுங்கள்

பேச்சாளர் அமெரிக்கக் குடிமகனாகவோ வரி நோக்கில் அந்நாட்டில் வசிப்பவராகவோ இருந்தால் அவருடைய வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவமும் பல்கலைக்கழகத்தில் விற்பனையாளர் பதிவும் போதும். பதிவுக்கு மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஆண்டு முடிவில், கொடுத்த தொகையை வரித்துறைக்குக் காட்டும் 1099 படிவத்தைப் பல்கலைக்கழகம் அனுப்பும். அதற்கான குறைந்தபட்சத் தொகை 2025 வரை 600 டாலராக இருந்து, 2026 முதல் செலுத்தும் தொகைகளுக்கு 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைத்தால் கதை வேறு. பார்வையாளர் விசாவில் வருபவர் கல்வி நிறுவனத்திடம் மதிப்பூதியம் பெறலாம், ஆனால் ஒரே இடத்தில் ஒன்பது நாளுக்கு மேல் கூடாது, முந்தைய ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. மதிப்பூதியத்தில் பொதுவாக 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். வரி ஒப்பந்தச் சலுகை வேண்டுமானால் 8233 படிவமும் அமெரிக்க வரி எண்ணும் தேவை. இதில் ஒரு பொறி உண்டு. "கைக்கு 3,000 டாலர் வர வேண்டும்" என்று பேச்சாளர் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உங்கள் கணக்கிலிருந்து போகப்போவது 4,286 டாலர். எனவே தொகை வரிக்கு முந்தையது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

8. நாள்கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்

அடுத்த கல்வியாண்டுக்கான பெருந்தொகை விண்ணப்பங்களைப் பல நிதிக்குழுக்கள் முந்தைய வசந்தப் பருவத்திலேயே வாங்கி முடித்துவிடும். அதைத் தவறவிட்டால் அவசர நிதி என்ற சிறிய பானைதான் மிஞ்சும். கூட்டத்துக்குப் பதினாறு வாரம் முன் நிதி விண்ணப்பம், பன்னிரண்டு வாரம் முன் அரங்கு, பத்து வாரம் முன் ஒப்பந்த வரைவு, எட்டு வாரம் முன் பாதுகாப்புக் கடிதம், மூன்று வாரம் முன் சீட்டு வழங்கல் என்பது எனக்குச் சரிப்பட்ட கணக்கு. பெயரை வெளியே அறிவிப்பதை மட்டும் ஒப்பந்தம் கையொப்பமாகும் வரை தள்ளிப்போடுங்கள். தேர்வு வாரத்துக்கு முந்தைய பத்து நாளில் கூட்டம் வைக்காதீர்கள். காவலர் கிடைப்பதும் கடினம், பார்வையாளர் கிடைப்பது அதைவிடக் கடினம்.

9. உங்கள் விசாவையும் கணக்கில் எடுங்கள்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் மாணவர் அமைப்பில் ஊதியமில்லாப் பொறுப்பு வகிக்கத் தடையில்லை. ஆனால் பேச்சாளர் வேட்பாளராக இருந்து, கூட்டத்தோடு நிதி திரட்டும் விருந்தும் நடந்தால் அதில் ஒரு டாலர் கூடக் கொடுக்காதீர்கள். பச்சை அட்டை இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் கொடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2025 மார்ச்சில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த துருக்கிய மாணவி ஒருவர், மாணவர் நாளிதழில் ஒரு கட்டுரையை இணைந்து எழுதியதைத் தொடர்ந்து விசா ரத்தாகி, குடியேற்ற அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு ஆறு வாரத்துக்கு மேல் அடைத்துவைக்கப்பட்டார். அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. செய்தியாளர்களிடம் பேசுவது, மேடையில் அறிமுக உரை ஆற்றுவது, எதிர்ப்பாளர்களோடு வாக்குவாதம் செய்வது ஆகியவற்றைக் குடியுரிமையுள்ள பொறுப்பாளரிடம் விடுவதும், ஐயம் இருந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைத் தாண்டி ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்பதும் இன்றைய சூழலில் நல்லது. நான் அன்று அரங்கின் பின்வரிசையில் ரசீதுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

10. கூட்டம் முடிந்த மறுநாளே கணக்கை மூடுங்கள்

காவல் துறையின் இறுதி விலைப்பட்டியல் வந்ததும் மதிப்பீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்களுடையதில் வராத ஒரு காவலருக்கு நான்கு மணி நேரக் கூலி இருந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. அதற்குள் பதிவாகாத செலவை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் ஏற்க மாட்டார்கள். சொந்தக் கடன் அட்டையில் எதையும் செலுத்தாதீர்கள். முகவரின் நச்சரிப்புத் தாங்காமல் ஓட்டல் அறைக்கு என் அட்டையைக் கொடுத்தேன். முன் அனுமதி இல்லாத செலவு என்றும், வரிவிலக்குச் சான்றிதழைக் காட்டாமல் மாநில வரி கட்டியது தவறென்றும் சொல்லி, அந்த 412 டாலரை இன்றுவரை எனக்குத் திருப்பித் தரவில்லை.